நான்காம் பக்கக் கையெழுத்து

முப்பத்தோரு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள் நான். படியில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றியிருக்கிறேன். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை தகரமாகிப் போனது. அப்படிப்பட்டவளை எழுபத்து மூன்றாவது வயதில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய், "நீங்கள் எங்களுடைய முதியோர் ஆலோசகர், மனதில் பட்டதைச் சொல்லுங்கள்" என்று உட்காரவைத்தார்கள். இவள் மனதில் பட்டதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்கள்தான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாளே சொன்னேன். மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத பக்கத்தில், இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அறை. கதவில் 'முதியோர் உடல்நலப் பராமரிப்பு ஆய்வுக் குழு' என்று ஆள் உயரப் பலகை. நாற்பத்தாறு படி. ஏறி முடித்து மூச்சு திரும்பியதும் கேட்டேன்.

"ஏம்மா, வயசானவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்க, சரி. வயசானவங்க ஏறவே முடியாத இடமாப் பாத்துப் பிடிச்சீங்களா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ரகம். "கீழ இடம் கேட்டு நாலு வருஷமா எழுதிட்டிருக்கோம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. அதனால் அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்தக் குழுவில் மற்றவர்களுக்கு நான் பட்டப்பெயர் வைத்துவிட்டேன். எல்லா வேலைக்கும் பட்டியல் போடுகிற ஒருங்கிணைப்பாளப் பெண்ணுக்குப் 'பட்டியல்'. புள்ளிவிவரம் பார்க்கிற கண்ணாடிக்காரருக்குத் 'தசமம்'. மனிதர்களைக்கூட "இரண்டு புள்ளி நான்கு பேர்" என்று சொல்லக்கூடிய ஆள் அவர். வீடு வீடாகப் போகிற நர்ஸை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வயது, இளகிய மனசு, நடக்கவே தெரியாது, எங்கும் ஓட்டம்தான். ஆலோசகர்கள் நாங்கள் மூன்று பேர். கூட்டம் தொடங்கியதும் காதுக் கருவியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தலையாட்டுகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பிறகு டெய்லர். பிறகு நான்.

டெய்லருக்கு எழுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் தையல் கடைக்கு மேலேயே ஒற்றை அறையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டின துணி மாதிரி நேராக இருக்கும். கேள்வித்தாளைப் படித்துவிட்டு ஒரு தடவை, "ஒன்பதாவது கேள்வியில ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணுக்கு ஆமாம், ஒண்ணுக்கு இல்லை. நான் எதை டிக் அடிக்கறது?" என்று கேட்டார். படித்தவர்கள் பத்துப் பேர் பார்த்த தாள் அது. தசமம் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து டெய்லர் என் கூட்டாளி.

ஆய்வு இதுதான். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு முதல் ஒரு மாதம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பாதிப் பேர் வீட்டுக்கு நர்ஸம்மா வாரம் இரண்டு முறை போவார். மீதிப் பேருக்கு வாரம் ஒரு போன் மட்டும். யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு தீர்மானிக்கும், நாம் தீர்மானிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் எத்தனை பேர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்து விழுகிறார்கள் என்று எண்ணுவார்கள்.

பாதி வருடம் ஆனதும் ஒரு கூட்டம் போட்டார்கள். தசமம் திரையில் கோடு கோடாகக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நர்ஸ் போனவர்களுக்கும் போன் மட்டும் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அடுத்த மாதம் சுகாதாரத் துறை அதிகாரிகள் வரப்போகிறார்கள், போனே போதும் என்று அவர்களிடம் சொல்லலாம், அப்புறம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அதையே வைத்துக்கொள்வார்கள் என்றார்.

"தனியா இருக்கறவங்களுக்குமா?" என்று கேட்டேன்.

"நம்ம ஆய்வுல தனியா இருக்கறவங்களே இல்லைம்மா. எல்லாருக்கும் குடும்பப் பொறுப்பாளர் இருக்காங்க. சேர்க்கற படிவத்தோட நாலாம் பக்கத்துல கையெழுத்து இருக்கு."

என் தெருவிலேயே என்னையும் சேர்த்து நான்கு பேர் தனியாக இருக்கிறோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடவா இல்லை? கேட்க வாய் வந்தது. ஆனால் திரை நிறைய எண்கள். எண்களைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயம். வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டைத் தின்றேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

பத்து நாள் கழித்து டெய்லர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இதயம் சோர்ந்துபோய் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. ஆறு நாளில் நீரை இறக்கி, மனிதரை உட்காரவைத்துவிட்டார்கள். ஏழாம் நாள் வார்டு டாக்டர் வந்து விஷயத்தைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தனியா இருக்கறவங்களை இந்த நிலைமையில வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் ஐயா. முதியோர் இல்லத்துல இடம் பாத்திருக்கோம். வெள்ளிக்கிழமை வண்டி வரும்."

"எத்தனை நாளைக்கு?" என்று டெய்லர் கேட்டார்.

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டினார். எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. அங்கே போனவர்கள் யாரும் துணி மூட்டையோடு திரும்பி வந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

"வேற வழியே இல்லையா டாக்டர்?" என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"ஒரு வழி இருக்கு. உங்க பல்கலைக்கழகக் குழுவோட ஆய்வுல சேர்ந்தா அனுப்பலாம். நர்ஸ் வந்தாலும் சரி, போன் வந்தாலும் சரி, யாரோ ஒருத்தர் கண்காணிப்புல இருக்காருன்னு எழுதிக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குழுதானே! பட்டியலுக்கு உடனே போன் போட்டேன். அவளும் அரை மணி நேரத்தில் படிவத்தோடு வந்து நின்றாள். டெய்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்து, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான்காம் பக்கத்தைத் திருப்பியதும் பட்டியலின் முகம் சுருங்கியது.

"குடும்பப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும். எழுபது வயசுக்கு மேலன்னா கட்டாயம். ஆய்வுக்கெல்லாம் அனுமதி தர்ற நெறிமுறைக் குழுவோட விதி" என்றாள். "யாராவது... தூரத்து சொந்தமாவது...?"

"யாரும் இல்லம்மா" என்றார் டெய்லர். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, சட்டையின் அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப சேர்க்க முடியாதே ஐயா." அவள் படிவத்தை மூடினாள்.

யோசித்துப் பாருங்கள். வயதானவர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள். யாருக்குக் கண்காணிப்பு ரொம்ப வேண்டுமோ அவனைத்தான் அந்தக் கையெழுத்து வெளியே தள்ளுகிறது. நல்ல எண்ணத்தோடு கட்டின சுவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது நர்ஸம்மா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பட்டியலுக்குத் தெரியாமல் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, இதுக்குப் போய் ஏன் கவலைப்படறீங்க? தங்கச்சின்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் அவருக்குத் தங்கச்சியா?"

"நான் மட்டும் மருமகளா? பதினேழு பேருக்குப் போட்டிருக்கேன் அக்கா. ஒருத்தருக்கு மகள், ஒருத்தருக்கு அண்ணன் பொண்ணு. என்ன பண்றது? இல்லேன்னா இல்லத்துக்குத்தான் அனுப்பறாங்க. மனசு கேக்கல."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உள்ளே போய்ப் படிவத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு கையெழுத்து, டெய்லர் வீட்டுக்குப் போய்விடலாம்.

"தங்கச்சின்னு போடறேன்" என்றேன்.

"எனக்குத் தங்கச்சி கிடையாதே."

"இன்னிக்கு ஒருத்தி கிடைச்சிட்டா. உங்களுக்கு வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா?"

"போகணும்" என்றார் உடனே. நீலப் பேனாவை எடுத்து 'உறவு முறை' என்ற கட்டத்தில் 'த' என்று எழுதிவிட்டேன். அடுத்த எழுத்துக்குப் பேனா நகரவில்லை. பதினேழு. அந்தப் பதினேழு மண்டைக்குள் குடைந்தது. தசமம் கூட்டத்தில் சொன்னது காதில் கேட்டது: நம்ம ஆய்வுல தனியா இருக்கறவங்களே இல்லைம்மா.

இல்லாமல் என்ன? இருந்தார்கள். பதினேழு பேர் இருந்தார்கள். நர்ஸம்மா அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தார், அதே கையால் அவர்களுக்கு ஒரு மகளையும் ஒரு மருமகளையும் எழுதிக்கொடுத்துவிட்டார். தாளில் அவர்களைச் சுற்றிக் குடும்பம். வீட்டில் அவர்களும் சுவரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் தசமம் கோடு போட்டு, போனே போதும் என்று சொல்கிறார். அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து கேட்டுவிட்டுப் போனால், என்னைப்போலத் தனியாகக் கிடக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு போன் மணி, அவ்வளவுதான்.

நான் எழுதின 'த'வைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன். பிறகு டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீங்க போட்டா, நான் பதினெட்டாவது ஆளா?"

"ஆமா."

"வேண்டாம். என்னை ஒண்ணாவதாப் போடுங்க. யாரும் இல்லாத முதல் ஆளுன்னு."

"வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும் ஐயா. இன்னிக்குப் புதன்."

"அப்ப இங்க உக்காந்துட்டு என்ன பண்றீங்க?" என்றார்.

வராந்தாவில் நர்ஸம்மாவை மடக்கினேன். சொல்லப் போகிறேன் என்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிவந்தது.

"நான் என்ன திருடினேனா அக்கா? எனக்குன்னு ஏதாவது எடுத்துக்கிட்டேனா?"

"இல்லடி. அவங்க வீட்டுக்குப் போனது உன்னாலதான். அதுக்கு உன்னைக் கும்பிடணும். ஆனா அவங்க தனியா இருந்தாங்கங்கறதே அழிஞ்சுபோச்சே. அவங்க விழுந்தது எழுந்தது எல்லாம் குடும்பத்தோட இருந்தவங்க கணக்குல போயிடுச்சு."

"என் வேலை போயிடும்."

"போகலாம்" என்றேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ வேண்டாம்னா உன் பேரை விட்டுட்டுச் சொல்றேன். ஆனா சொல்லாம இருக்க மாட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தாறு படியையும் எனக்கு முன்னால் ஏறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடாமல் ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அறைக் கதவைத் திறந்து, பேராசிரியர் முன்னால் நின்று, பதினேழு கையெழுத்தையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

தசமம்தான் முதலில் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் சண்டைக்குத் தயாரானேன். அவர் நர்ஸம்மாவிடம், "அந்தப் பதினேழு பேரோட பதிவு எண்ணையும் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டு, கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பதினேழு பேர்ல ஒன்பது பேருக்கு நர்ஸ் போயிருக்காங்க. அதுல ஒருத்தர்தான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. எட்டுப் பேருக்குப் போன் மட்டும். அதுல அஞ்சு பேரு திரும்பி வந்துட்டாங்க."

அந்த மனிதர் வாயிலிருந்து தசமம் இல்லாத கணக்கை அன்றுதான் கேட்டேன்.

"ஆனா இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்று தொடர்ந்தார். "ரொம்பச் சின்ன எண்ணிக்கை. தற்செயலாவும் இருக்கலாம். தனியா இருக்கறவங்க இன்னும் நாப்பது பேராவது வேணும். தனின்னு எழுதியே சேர்க்கணும்."

"நாலாம் பக்கம் இருக்கற வரைக்கும் ஒருத்தரைக்கூடச் சேர்க்க முடியாதே" என்றாள் பட்டியல்.

பேராசிரியர் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் நினைத்திருந்தால் அந்தப் பதினேழையும் கமுக்கமாக நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்து அதிகாரிகள் முன்னால் கைதட்டு வாங்கியிருக்கலாம். பன்னிரண்டு வருட உழைப்பு, ஆறு மாத ஆய்வு.

"அதிகாரிகள் கூட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி இப்பவே எழுதிடுங்க" என்றார் பட்டியலிடம். "காரணம் கேட்டா, தப்பு எங்களோடதுன்னு என் பேர்ல போடுங்க. நாளைக்கு நெறிமுறைக் குழு கூடுது. நான் போறேன்."

"நானும் வர்றேன்" என்றேன்.

"ஆலோசகர்களுக்கு அங்க அனுமதி இல்லைம்மா."

"நான் ஆலோசகரா வரல. தனியா இருக்கற ஒருத்தியா வர்றேன். அதுக்கு அனுமதி இல்லைன்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டச் சொல்லுங்க."

அவர் காட்டச் சொல்லவில்லை.

நெறிமுறைக் குழு இருந்தது தரைத்தளத்தில். லிஃப்டும் அங்கேதான். நீள மேஜை, ஏழு பேர், ஏழு தண்ணீர் பாட்டில். நடுவில் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. புருவமெல்லாம் நரைத்துப்போன மனிதர். பேராசிரியர் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பதினேழு கையெழுத்து என்றதும் மேஜை சலசலத்தது. நர்ஸை உடனே நீக்க வேண்டும் என்றார் ஒருவர். ஆய்வையே நிறுத்த வேண்டும் என்றார் இன்னொருவர். விதியை மாற்ற வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"விதி உங்களை மாதிரி பெரியவங்களோட பாதுகாப்புக்குத்தானேம்மா" என்றார் தலைவர் என்னைப் பார்த்து. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தீ வைத்தது.

"ஐயாவுக்கு என்ன வயசு?"

அவர் புருவம் உயர்ந்தது. "எழுபத்தாறு."

"அந்தக் காகிதத்துல இப்ப கையெழுத்துப் போட்டீங்களே, என்னது அது?"

"ஒரு மருந்து ஆய்வுக்கு அனுமதி."

"எத்தனை பேருக்கு?"

"அறுநூறு."

"அறுநூறு பேர் உடம்புக்குள்ள மருந்து போகலாம்னு நீங்க ஒத்தையாக் கையெழுத்துப் போடறீங்க. பக்கத்துல உங்க மகனும் போடணும்னு யாராவது கேட்டாங்களா? கேட்டா சும்மா இருப்பீங்களா? டெய்லருக்கு உங்களைவிட ரெண்டு வயசு கூட. அவ்வளவுதான். நீங்க அனுமதி குடுத்த கேள்வித்தாளைப் படிச்சு ஒன்பதாவது கேள்வியில தப்புக் கண்டுபிடிச்ச மனுஷன் அவரு. அவர் வீட்டுக்கு அவர் போறதுக்கு, இல்லாத தங்கச்சியை நான் எங்கேருந்து ஐயா கொண்டுவர்றது?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

"எனக்கும் யாரும் கிடையாது. புருஷன் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு, பிள்ளை பொறக்கல. அது என் தப்புமில்ல, நோயுமில்ல. நாளைக்கு நான் படுத்தா இந்த நாலாம் பக்கம்தான் என்னையும் இல்லத்து வண்டியில ஏத்தும். எங்களைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி நாங்க இருக்கோம்னு முதல்ல எழுதுங்க."

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முடிவைத் தலைவரே எழுந்து வந்து சொன்னார். சொந்தமாக முடிவெடுக்கத் தெளிவு இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நான்காம் பக்கம் கட்டாயம் இல்லை. உறவு இல்லாதவர் 'யாருமில்லை' என்றே எழுதலாம். ஆய்வு அறிக்கையில் பதினேழு கையெழுத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நர்ஸுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, வேலை இருக்கும், ஆனால் படிவத்தை இனித் தொடக் கூடாது. சொல்லிவிட்டு என்னிடம், "எனக்குக் கோபம் வரலைன்னு நினைக்காதீங்க" என்றார். "வரட்டும் ஐயா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெய்லர் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். இல்லத்து வண்டி பதினோரு மணிக்கு. வார்டு டாக்டர் அவரிடம் பத்துக் கேள்வி கேட்டு, தெளிவாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். டெய்லர் புதுப் படிவத்தை வாங்கி, உறவு முறைக் கட்டத்தில் தன் கையாலேயே 'யாருமில்லை' என்று எழுதினார். கோணல் இல்லாத எழுத்து. பட்டியல் ஒட்டிய உறையை நீட்டினாள். அவரே கிழித்தார். சீட்டை எட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"போன் மட்டும்."

எட்டில் ஐந்து. அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

"இன்னொரு உறையைக் குடு" என்றேன் பட்டியலிடம்.

"அம்மா, அப்படிப் பண்ணக் கூடாது."

"குடுன்னு சொல்றேன்ல!"

பட்டியல் பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் கூடாது என்று தலையை ஆட்டினார், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நர்ஸம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் எழுதாதே என்று ஊரைக் கூட்டினவள் நான்தான். இரண்டே நாளில் நானே உறையை மாற்றச் சொல்லிக் கத்துகிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை கத்தியிருப்பேன், டெய்லர் குறுக்கே பேசியிராவிட்டால்.

"கண்டக்டரம்மா, நான் வீட்டுக்குப் போறேனா இல்லையா?"

"போறீங்க."

"அப்புறம் என்ன? போன்ல கேட்டா பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு."

"சரி, போன் அவங்க பண்ணட்டும். நான் தினம் காலையில வந்து பாத்துட்டுப் போறேன்."

"வராதீங்க" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பேராசிரியர் அவசரமாகக் குறுக்கிட்டார். "ஐயா, யாரும் வரக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. தாராளமா வரட்டும். வந்தாங்கன்னு எழுதிக்குவோம்."

"எழுதுவீங்க. அப்புறம் மறுபடியும் கூட ஒரு ஆள் இருந்தாங்கன்னு ஆயிடும்." அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே சொன்னீங்க, நாங்க இருக்கோம்னு எழுதுங்கன்னு. ஒரு மாசம். மூச்சு முட்டினா நானே கூப்பிடறேன், அதுக்கு நம்பர் இருக்கு. வீம்புக்குச் சாகமாட்டேன். ஆனா தனியா இருக்கறவனுக்குப் போன் போதுமா போதாதான்னு யாராவது ஒருத்தன் உள்ளபடி சொல்லணும்."

நான் அவருடைய துணி மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகிற பேருந்தைக்கூட விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். முதல் வியாழக்கிழமை பட்டியல் போன் செய்தாள், நன்றாகத்தான் இருந்தார். இரண்டாவது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பட்டியல் ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பண்ணணும்" என்றாள். "மூணு தடவையும் எடுக்கலேன்னாதான் ஆள் அனுப்பலாம்."

தசமம் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து நின்றார். நர்ஸம்மா பையை மாட்டிக்கொண்டு கதவோரம் தயாராக இருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் பேராசிரியரை, நீதிபதியை, டெய்லரை, என்னை, எல்லோரையும் மனதுக்குள் வைதேன். என்னைத்தான் அதிகம். ஒரு 'தங்கச்சி' எழுதியிருந்தால் இந்நேரம் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன்.

இரண்டாவது தடவை. ஒன்பதாவது மணியில் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"பாத்ரூம்ல இருந்தேன்மா. வர்றதுக்குள்ள கட் பண்ணிட்டீங்க. ஒரு வயசானவன் நடந்து வர எவ்வளவு நேரமாகும்னு நீங்க ஆராய்ச்சி பண்ணவே இல்லையா?"

பட்டியல் சிரித்துக்கொண்டே அழுதாள். கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். மாத்திரை போடுகிறார். கால் வீக்கம் நேற்றைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்க முடிகிறது. நர்ஸம்மா என்னைப் பார்த்தார், அது நல்ல அறிகுறி இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பட்டியல் டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"இந்த வாரம் உதவிக்கு யாராவது வந்தாங்களா ஐயா?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போதும், அவர் வீட்டுக்கே போகிறேன் என்று கதவுப் பக்கம் திரும்பினேன்.

"யாரும் வரல. யாரும் இல்ல. அப்படியே எழுதிக்கோம்மா" என்றது ஸ்பீக்கர். கொஞ்சம் நிறுத்தி, "கண்டக்டரம்மா அங்கதான் இருப்பாங்க. இன்னும் ரெண்டு வாரம்தான், உக்காரச் சொல்லு" என்றது.

நான் உட்கார்ந்தேன்.